எந்த விரல் மரத்துப் போகுது? கையின் 3 நரம்புகளும் கம்பம் பள்ளத்தாக்கு உழைப்பாளிகள் தெரிஞ்சுக்க வேண்டியதும்

"ராத்திரி தூக்கத்துல கை மரத்துப் போகுது. எந்திரிச்சு ரெண்டு உதறு உதறினா சரியாகிடுது." திராட்சைப் பந்தலுக்கு அடியில் கவாத்து வெட்டுபவர்கள், ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள், தறி ஓட்டுபவர்கள் என கையை நம்பிப் பிழைக்கும் யாரிடமும் சாதாரணமாகக் கேட்கக்கூடிய பேச்சு இது. வாய்வுப் பிடிப்பு, ரத்த ஓட்டம் இல்லை, நரம்புத் தளர்ச்சி என ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாள் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இதே புகாரோடு மருத்துவரிடம் போனால் அவர் முதலில் கேட்பது வேறு கேள்வி: "எந்த விரல்?"

கட்டைவிரல் பக்கம் மரத்தால் ஒரு நரம்பு, சுண்டுவிரல் பக்கம் மரத்தால் வேறொரு நரம்பு. மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கினால் மூன்றாவது நரம்பு. எந்த நரம்பு, எந்த இடத்தில் பாதிக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் சிகிச்சை சரியாக அமையும். இதில் தாமதத்துக்கு விலை அதிகம். கை நரம்பு மெதுவாகத்தான் வளரும். அது வந்து சேரும் வரை தசை காத்திருக்காது.

கைக்குள் என்ன இருக்கிறது, எந்தக் காயம் எந்த நரம்பைப் பாதிக்கும், எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

தேனியில் கைக்கு இவ்வளவு வேலை ஏன்?

தேனி மாவட்டத்தில் பெரும்பாலான தொழில்கள் கைத்திறனை நம்பியவை. கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் திராட்சை அறுவடை உண்டு. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளைவது இங்கேதான். ஆண்டு முழுக்க அறுவடை என்றால் ஏதோ ஒரு தோட்டத்தில் எப்போதும் கவாத்து நடந்துகொண்டிருக்கும். பந்தல் தலைக்கு மேலே இருப்பதால் கையைத் தூக்கியபடியே கத்தரிக்கோலை ஆயிரக்கணக்கான முறை அழுத்த வேண்டும். பிறகு கொடி கட்டுவது, குலை வெட்டுவது என எல்லாமே தலைக்கு மேல்தான்.

இன்னொரு பக்கம் ஏலக்காய். கம்பம், கூடலூர், போடி பகுதிகளிலிருந்து தினமும் அதிகாலையில் ஜீப்பில் ஏறி இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் ஏராளம். அங்கே குனிந்து காய் எடுப்பதும், அரிவாளால் களை வெட்டுவதும் வேலை. அந்தக் காய் போடிநாயக்கனூருக்கு வந்ததும் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் பெண்களின் விரல்கள்தான். ஆண்டிபட்டி பக்கம் சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரத்தில் நெசவு. இவை தவிர தென்னை, வாழை, செங்கல் சூளை.

இந்த வேலைகளில் கை மரத்துப்போவது வலியோடு மட்டும் நிற்பதில்லை. அரிவாள் நழுவும், கத்தரிக்கோல் பிடி தளரும், அன்றைய கூலி குறையும்.

தோளிலிருந்து விரல் வரை: உள்ளே என்ன இருக்கிறது?

எலும்பிலிருந்து தொடங்கலாம். மேற்கையில் ஓர் எலும்பு. முழங்கைக்குக் கீழே இரண்டு. மணிக்கட்டில் சின்னச் சின்னதாக 8. உள்ளங்கையில் 5. விரல்களில் 14: கட்டைவிரலுக்கு இரண்டு, மற்ற நான்குக்கும் மும்மூன்று. மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை மட்டும் மொத்தம் 27 எலும்புகள்.

அடுத்தது தசை. பலருக்கும் தெரியாத ஒன்று, விரல்களை மடக்கி நீட்டும் தசைகள் விரலுக்குள் இல்லை. பெரிய தசைகள் முன்னங்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நீளமான கயிறு மாதிரி தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரலுக்குப் போகின்றன. பொம்மலாட்டத்தில் மேலே இருந்து நூலை இழுத்தால் கீழே பொம்மையின் கை அசைவது போலத்தான் விரலும் அசைகிறது. இன்னொரு கையால் முன்னங்கையைப் பிடித்துக்கொண்டு விரல்களை மடக்கிப் பாருங்கள். தசை நகர்வது தெரியும்.

உள்ளங்கைக்குள் சிறிய தசைகளும் உண்டு. விரல்களை விரிப்பது, சேர்ப்பது, கட்டைவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவருவது இவற்றின் வேலை. ஊசியில் நூல் கோப்பது, ஏலக்காயைப் பொறுக்குவது, சட்டை பட்டன் போடுவது எல்லாம் இவை இல்லாமல் நடக்காது.

இந்தத் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோவதும், தொடுதல், சூடு, வலி போன்ற சேதிகளை மூளைக்குத் திருப்பி அனுப்புவதும் நரம்புகள். கழுத்துப் பகுதி முதுகுத்தண்டிலிருந்து 5 வேர்கள் கிளம்புகின்றன. அவை காறை எலும்புக்குப் பின்னால் ஒன்றோடொன்று பின்னி, அக்குள் வழியாகக் கைக்குள் இறங்குகின்றன. இந்தப் பின்னலுக்கு மருத்துவத்தில் பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்று பெயர். கைநரம்புப் பின்னல் என்று வைத்துக்கொள்ளலாம். இதிலிருந்து விரல் வரை போகும் முக்கிய நரம்புகள் மூன்று.

மூன்று நரம்புகள், மூன்று வேலைகள்

மீடியன் நரம்பு: முன்னங்கையின் நடுவே ஓடி, மணிக்கட்டின் நடுவில் நுழைந்து உள்ளங்கைக்குப் போகிறது. கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவற்றின் உள்பக்க உணர்ச்சி இதன் பொறுப்பு. கட்டைவிரலை எதிரே கொண்டுவந்து பொருளைப் பிடிப்பதும் இதனால்தான்.

அல்நார் நரம்பு: முழங்கையின் உள்பக்க எலும்பை ஒட்டி ஓடுகிறது. கதவு நிலையில் முழங்கை இடித்தால் ஷாக் அடித்த மாதிரி சுண்டுவிரல் வரை ஓடுமே, அது இந்த நரம்பு அடிபடுவதால்தான். சுண்டுவிரல், மோதிர விரலின் மீதிப் பாதி ஆகியவற்றின் உணர்ச்சியும், உள்ளங்கைச் சிறு தசைகளில் பெரும்பாலானவையும் இதன் கட்டுப்பாட்டில் உள்ளன.

ரேடியல் நரம்பு: மேற்கை எலும்பின் பின்பக்கத்தை ஒட்டிச் சுற்றி வருகிறது. மணிக்கட்டை மேலே தூக்குவதும் விரல்களை நீட்டுவதும் இதன் வேலை. புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே உள்ள தோலின் உணர்ச்சியும் இதனுடையது.

வீட்டிலேயே அரை நிமிடத்தில் ஒரு முதல் பரிசோதனை செய்யலாம். பஸ்ஸை நிறுத்தச் சொல்வது போல மணிக்கட்டைத் தூக்கி விரல்களை நீட்டுங்கள், இது ரேடியல். கட்டைவிரல் நுனியையும் ஆட்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டம் போடுங்கள், இது மீடியன். ஐந்து விரல்களையும் அகல விரித்துச் சேருங்கள், இது அல்நார். இரண்டு கைகளிலும் செய்து ஒப்பிட வேண்டும். ஒரு கையால் முடிந்தது மறு கையால் முடியவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மூன்றும் முடிகிறது, ஆனாலும் மரத்துப் போகிறது என்றாலும் பிரச்னை இல்லை என்று அர்த்தமில்லை. ஆரம்பத்தில் உணர்ச்சிதான் முதலில் குறையும்.

இரவில் எழுப்பினால் மணிக்கட்டைக் கவனிக்கணும்

கை நரம்பு அழுத்தங்களில் மிக அதிகம் பார்க்கப்படுவது கார்ப்பல் டனல் பிரச்னை. மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு குறுகிய பாதை உண்டு. மூன்று பக்கம் எலும்பு, மேலே கெட்டியான நார்ப்பட்டை. இதற்குள் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கியடித்துப் போகின்றன. தசைநாண் உறை கொஞ்சம் வீங்கினாலும் முதலில் நசுங்குவது நரம்புதான்.

கத்தரிக்கோலைத் திரும்பத் திரும்ப இறுக்கி அழுத்துவது, மணிக்கட்டை மடித்தபடியே வேலை செய்வது, களை வெட்டும் மெஷின் போன்ற அதிரும் கருவிகளைப் பிடிப்பது இதற்கு வழிவகுக்கும். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்ப காலம் ஆகியவற்றிலும் வரலாம்.

அடையாளம் எளிது. கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல் மரத்துப் போகும். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். பகலைவிட இரவில் அதிகம், ஏனென்றால் தூக்கத்தில் மணிக்கட்டு மடங்கிக் கிடக்கும். உதறினால் தற்காலிகமாகக் குறையும். அப்படிக் குறைவதுதான் பலரை ஏமாற்றிவிடுகிறது.

ஆரம்ப நிலையில் சிகிச்சையும் எளிது. இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போட்டுக்கொண்டு தூங்குவது, வேலை முறையை மாற்றுவது, தேவைப்பட்டால் ஊசி. குறையவில்லை என்றால் மரத்துப்போக ஊசி போட்டு, நார்ப்பட்டையை வெட்டி நரம்புக்கு இடம் விடும் சிறிய அறுவை சிகிச்சை.

கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதைமேடு தட்டையாகிவிட்டால் நிலைமை வேறு. நீண்ட நாள் அழுத்தத்தால் தசை கரையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அறுவை சிகிச்சை செய்தால் இரவு வலி போகலாம். போன தசை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது.

சுண்டுவிரல் மரத்தால் முழங்கையைப் பார்க்கணும்

அல்நார் நரம்பு பெரும்பாலும் முழங்கையில்தான் நசுங்கும். முழங்கையை முழுதாக மடக்கினால் இந்த நரம்பு இழுபடும். மணிக்கணக்கில் கையை மடக்கியபடி தட்டு முன்னால் வேலை பார்ப்பது, போனைக் காதில் வைத்தே பேசுவது, கையைத் தலைக்கு அடியில் மடித்து வைத்துத் தூங்குவது, முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றுவது எல்லாம் காரணமாகலாம். சிறு வயதில் முழங்கை உடைந்து கோணலாகச் சேர்ந்தவர்களுக்குப் பல வருடம் கழித்தும் இது வரும்.

ஒரு பஸ் டிக்கெட்டைக் கட்டைவிரலின் பக்கவாட்டுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் அதை இழுக்கட்டும். டிக்கெட்டை விடாமல் பிடிக்க, கட்டைவிரலின் நுனிக் கணு தானாக மடங்குகிறது என்றால் அல்நார் நரம்பு பலவீனமாக இருக்கலாம். முற்றிப்போனால் மோதிர விரலும் சுண்டுவிரலும் நகம் போல மடங்கி நின்றுவிடும். புறங்கையில் எலும்புகளுக்கு நடுவே பள்ளம் விழும்.

கை தொங்கினால்?

ரேடியல் நரம்பு பாதித்தால் மணிக்கட்டைத் தூக்கவே முடியாது. கை கீழே தொங்கும். மேற்கை எலும்பின் நடுப்பகுதி உடைந்தால் இது நடக்கலாம், நரம்பு எலும்பை ஒட்டியே ஓடுவதால். நாற்காலிக் கைப்பிடி மேல் கையைத் தொங்கவிட்டபடி, குறிப்பாகக் குடிபோதையில், அசைவில்லாமல் தூங்கி எழுந்தவர்களுக்கும் காலையில் கை தொங்கிப்போயிருக்கும். இப்படி அழுத்தத்தால் வந்தது பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் அழுத்தம்தானா, வேறு காரணமா என்று முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர்.

முக்கிய எச்சரிக்கை: திடீரென ஒரு கை செயலிழந்து, அதோடு வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ அது கை நரம்புப் பிரச்னை அல்ல, பக்கவாதமாக இருக்கலாம். நெஞ்சு வலியோடு கை வலித்தால் மாரடைப்பாக இருக்கலாம். இரண்டிலும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

பைக் விபத்து: கழுத்திலேயே அறுந்துபோகும் நரம்பு

கைநரம்புக் காயங்களில் மிக மோசமானது இது. பைக்கில் இருந்து தூக்கி எறியப்பட்டு தோளும் தலையும் எதிரெதிர்ப் பக்கம் இழுபட்டால், கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள நரம்புப் பின்னல் இழுபடும், சில சமயம் வேரோடு பிடுங்கப்படும். ஹெல்மெட் தலையைக் காப்பாற்றும். இந்த நரம்பை அதனால் காப்பாற்ற முடியாது. போடிமெட்டு, குமுளி மலைச்சாலை வளைவுகளில் வேகத்தைக் குறைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விபத்துக்குப் பிறகு தலைக்காயம், எலும்பு முறிவு ஆகியவற்றில் எல்லோர் கவனமும் இருக்கும். கை அசையாததை "எலும்பு கூடினா சரியாகிடும்" என்று விட்டுவிடுவார்கள். எலும்பு கூடும், கை அசையாது. அதற்குள் மாதங்கள் ஓடிவிடும்.

இந்தக் காயத்தில் நரம்பு தானாகத் தேறவில்லை என்றால் பொதுவாக 3 முதல் 6 மாதங்களுக்குள் அறுவை சிகிச்சை செய்வதே நல்லது. காலில் இருந்து உணர்ச்சி நரம்பை எடுத்து ஒட்டுப் போடுவார்கள். வேர் பிடுங்கப்பட்டிருந்தால், விலா நரம்பு போன்ற வேறொரு நரம்பை எடுத்து, செயலிழந்த தசைக்கு இணைப்பார்கள். முழங்கையை மடக்க வைப்பதுதான் முதல் இலக்கு. கை வாய்க்குப் போனால் பாதி வாழ்க்கை திரும்பிவிடும்.

அரிவாள் வெட்டு: தையலுக்கு முன் ஒரு கேள்வி

தோட்ட வேலையில் அடிக்கடி நடப்பது மணிக்கட்டு, உள்ளங்கை வெட்டு. மணிக்கட்டின் உள்பக்கம் தோலுக்குக் கொஞ்சம் கீழேயே நரம்பும், ரத்தக் குழாயும், தசைநாண்களும் நெருக்கமாக ஓடுகின்றன. வெளியே ஒரு அங்குல வெட்டுதான் தெரியும். உள்ளே நரம்பே அறுந்திருக்கலாம்.

அதனால் தையல் போடுவதற்கு முன் மூன்று விஷயம் பார்க்கப்பட வேண்டும். ஒவ்வொரு விரல் நுனியிலும் தொட்டால் தெரிகிறதா? ஒவ்வொரு விரலும் தனித்தனியாக மடங்கி நீள்கிறதா? விரல் நுனி சிவப்பாக, சூடாக இருக்கிறதா? மரத்துப்போக ஊசி போட்ட பிறகு முதல் கேள்விக்குப் பதில் கிடைக்காது. காயம்பட்டவரோ கூட வந்தவரோ "விரல் நுனி மரத்திருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவது நல்லது. தோலை மட்டும் தைத்தால் காயம் ஆறிவிடும், விரல் மரத்தே இருக்கும்.

முதலுதவி: சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வைக்க வேண்டும். வளையல், மோதிரத்தை உடனே கழற்ற வேண்டும், வீங்கிய பிறகு கழற்ற முடியாது. மஞ்சள்தூள், காபித்தூள் வைக்கக் கூடாது.

விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் உள்ள இன்னொரு பையில் வைத்து எடுத்துப் போக வேண்டும். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது.

இறுக்கிக் கட்டினால் வரும் ஆபத்து

பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. விஷம் ஏறாமல் தடுக்கும் என்று நம்புகிறார்கள். ஆனால் ரத்த ஓட்டம் நின்று தசையும் நரம்பும் சாகத் தொடங்கும். கட்டுப் போடாமல், கையை அசைக்காமல், ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாக வைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே சரி.

குழந்தைகள் மரத்தில் இருந்து விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு உடைத்துக்கொள்வது சாதாரணம். மூங்கில் பட்டை வைத்தோ மாவுக்கட்டுப் போட்டோ இறுக்கிக் கட்டிவிட்டால், உள்ளே வீக்கம் கூடக் கூட ரத்தம் போகாது. சில மணி நேரத்திலேயே முன்னங்கைத் தசைகள் செத்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகலாம். கட்டுப் போட்ட பிறகு குழந்தை வலியில் விடாமல் அழுதால், விரல்கள் வெளுத்தோ மரத்தோ போனால், விரலை நீட்டிவிட்டால் துடித்தால், காலை வரை காத்திருக்காமல் உடனே கட்டைத் தளர்த்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

வலி இல்லாத கை: வேலூர் உலகுக்குச் சொன்ன பாடம்

கை நரம்பு பற்றி உலகம் கற்றுக்கொண்டதில் ஒரு பெரிய பங்கு தமிழ்நாட்டில் இருந்து போனது. கொல்லிமலையில் 1914-ல் மிஷனரி பெற்றோருக்குப் பிறந்தவர் பால் பிராண்ட். லண்டனில் மருத்துவம் படித்து, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை சிகிச்சை நிபுணராக வந்தார். தொழுநோயால் விரல்கள் அழுகி விழுகின்றன என்று அப்போது எல்லோரும் நம்பினார்கள். தொழுநோயாளிகளின் கைகளைத் தொடர்ந்து கவனித்த பிராண்ட், விரல்கள் குறைவதற்குக் காரணம் வேறு என்று கண்டார். நோய் நரம்பைத் தாக்குகிறது. வலி தெரியாமல் போகிறது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும், கருவி உராய்ந்து புண்ணானாலும் தெரிவதில்லை. அந்தக் காயங்கள்தான் விரலைத் தின்றன.

அல்நார் நரம்பு செயலிழந்து மடங்கிப்போன விரல்களுக்கு, வேலை செய்யும் ஒரு தசையின் தசைநாணை இடம் மாற்றித் தைத்து, விரலை நீட்ட வைத்தார் பிராண்ட். பிறகு அந்த விரல்களுக்குத் தொழிலும் கற்றுக்கொடுக்க வேலூரில் மறுவாழ்வு மையம் உருவானது. நரம்பு திரும்பாது என்றான பிறகும் கையை வேலைக்குக் கொண்டுவர முடியும் என்பதற்கு அந்த அறுவை சிகிச்சைகள் சாட்சி. இன்று ரேடியல் நரம்பு போய் கை தொங்கியவர்களுக்கும் இதே வழிமுறை உதவுகிறது.

தொழுநோய் இன்னும் முழுதாக ஒழியவில்லை. தோலில் உணர்ச்சியற்ற தேமல், முழங்கையில் தடித்த நரம்பு, சுண்டுவிரல் மரத்தல் ஆகியவை இருந்தால் பரிசோதிக்க வேண்டும். கூட்டு மருந்து சிகிச்சை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். சீக்கிரம் தொடங்கினால் கை தப்பிக்கும். கையில் உணர்ச்சி குறைந்த யாரும், சர்க்கரை நோயாளிகளும்கூட, அடுப்படியிலும் தோட்டத்திலும் கையுறை போடுவதும், தினமும் கையைப் பார்த்துக் காயம் தேடுவதும் அவசியம்.

ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

நரம்புக் காயத்தை மூன்று நிலையாகப் பிரித்தவர் பிரிட்டன் மருத்துவர் ஹெர்பர்ட் செடன். ஆண்டு 1943. கரண்ட் வயரை வைத்துப் புரிந்துகொள்ளலாம். வயர் நசுங்கி மின்சாரம் தற்காலிகமாக நின்றால் முதல் நிலை. இது பெரும்பாலும் வாரக்கணக்கில் சரியாகும். மேலுறை அப்படியே இருக்க, உள்ளே கம்பி மட்டும் அறுந்தால் இரண்டாம் நிலை. அந்த உறை வழியாகவே நரம்பு திரும்ப வளரும். வயரே இரண்டு துண்டானால் மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சை இல்லாமல் சேராது.

திரும்ப வளரும் வேகம் நாளுக்கு சுமார் 1 மில்லிமீட்டர். நகமே கொஞ்சம்தான் வளரும், நரம்பும் அதே மாதிரி பொறுமையானதுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கட்டில் அறுந்த நரம்பு உள்ளங்கைத் தசைக்கு வர 10 சென்டிமீட்டர் என்றால் மூன்று மாதத்துக்கு மேல். முழங்கையில் இருந்து 30 சென்டிமீட்டர் என்றால் 10 மாதம். கழுத்தில் இருந்து 70 சென்டிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு.

நரம்பு தொடர்பு இல்லாத தசை ஏறத்தாழ 12 முதல் 18 மாதங்கள் வரைதான் தாக்குப்பிடிக்கும். பிறகு நாராக மாறிவிடும். அப்புறம் நரம்பு வந்து சேர்ந்தாலும் இயக்க ஆள் இருக்காது. "ஆறு மாசம் பார்ப்போம்" என்று சும்மா இருப்பது ஏன் ஆபத்து என்பதற்கு இந்தக் கணக்கே பதில். சில காயங்களில் மருத்துவரே காத்திருக்கச் சொல்வார். ஆனால் அது மாதாமாதம் பரிசோதித்தபடி காத்திருப்பது, மறந்துவிடுவது அல்ல.

எங்கே போக வேண்டும்?

கை மரத்தல், பலவீனம் இருந்தால் முதலில் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம், அல்லது கம்பம், உத்தமபாளையம், போடி, ஆண்டிபட்டி போன்ற ஊர்களின் அரசு மருத்துவமனை. சர்க்கரை, தைராய்டு பரிசோதனை அங்கேயே தொடங்கலாம். அடுத்த நிலைக்குக் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, அதற்கும் மேலே மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு உள்ளது. இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு 2018-ல் அங்கே கை மாற்று அறுவை சிகிச்சையும் நடந்தது.

மருத்துவர் நரம்புக் கடத்தல் சோதனை எடுக்கச் சொல்லலாம். நரம்பில் சிறிய மின்தூண்டல் கொடுத்து, சேதி எந்த இடத்தில் தடைபடுகிறது என்று பார்ப்பது இது. காயம்பட்ட உடனே எடுத்தால் முழு விவரம் தெரியாது. பொதுவாக மூன்று வாரம் கழித்து எடுப்பார்கள்.

சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை கிடைக்கும். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துச் செல்ல வேண்டும். வேலை செய்யும்போது நடந்த காயம் என்றால் அதை மருத்துவமனையில் தெளிவாகச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்வது முக்கியம். ஏ.ஆர். காப்பி பிறகு இழப்பீடு கேட்க உதவும். ஓர் உறுப்பு உடலில் இருந்தும் நிரந்தரமாக, முழுதாகப் பயன்படாமல் போனால் அதை அந்த உறுப்பை இழந்ததற்குச் சமமாகக் கருத வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே சொன்னது. நரம்பு செத்து அசையாத கையும் அதில் அடங்கும்.

வேலையை விடாமல் கையைக் காப்பது எப்படி?

கவாத்துக் கத்தரிக்கோல் கூர்மையாக, எண்ணெய் போட்டு இருக்க வேண்டும். மொக்கையான கத்தரிக்கோலுக்கு அதிக அழுத்தம் தேவை. கைக்குப் பொருந்தும் அளவு முக்கியம், பெரிய பிடி சிறிய கைக்கு ஆகாது. அரை மணிக்கு ஒருமுறை கையைக் கீழே இறக்கி, விரல்களை விரித்து மடக்கி, தோளைச் சுழற்றினால் போதும். முடிந்தால் கை மாற்றி வேலை செய்யலாம். எட்டாத இடத்துக்கு மணை போட்டு ஏறி, பந்தலை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்தால் தோளுக்குச் சுமை குறையும். தரம் பிரிக்கும்போது தட்டைச் சற்று உயரத்தில் வைத்து, மணிக்கட்டை நேராக வைத்துக்கொள்ளலாம்.

நரம்பு தேறும் வரை செய்யும் பயிற்சியையும் விடக் கூடாது. அசையாத விரலை மற்ற கையால் தினமும் மடக்கி நீட்டாவிட்டால் மூட்டு இறுகிவிடும். பிறகு நரம்பு திரும்பி வந்தாலும் விரல் மடங்காது. நடமாட முடியாதவர்களுக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வரும்.

மருத்துவரிடம் போகும் முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். ஒரு தாளில் கையை வைத்துப் பேனாவால் வரைந்து, மரத்துப்போகும் இடத்தை மட்டும் கோடு போட்டு நிரப்புங்கள். எந்த நேரத்தில் அதிகம், எத்தனை நாளாக என்று பக்கத்தில் எழுதுங்கள். "கை மரத்துப் போகுது டாக்டர்" என்று மொத்தமாகச் சொல்வதைவிட, எந்த நரம்பு என்பதை அந்தப் படம் பாதி சொல்லிவிடும்.